பச்சை தெரியாத படம்

ஆரணித் தறிக்காரர் வீட்டில் பிறந்த உதயாவுக்குக் காடு என்றால் மொழிபெயர்ப்பு நாவல்களில் படித்ததுதான். பனி மூடிய மரங்களுக்கு நடுவே மனசாலேயே நடந்து வளர்ந்தவன். அதனால்தான் இரண்டாயிரத்து எட்டில், கலசப்பாக்கம் பக்கத்து மேய்ச்சல் குன்றான கரட்டில் நாட்டு மரக் காடு வளர்க்க வந்த கம்பெனியில் ஆசையாகச் சேர்ந்தான். அந்தக் காடு உறிஞ்சும் கரியமில வாயுவை அளந்து, கார்பன் கிரெடிட்டாக வெளிநாட்டுக்கு விற்பார்கள்.

அதற்கு, வேலை தொடங்குமுன் நிலம் மொட்டையாக இருந்ததென்று படம் எடுத்துக் காட்ட வேண்டும்.

"பச்சை இருந்தா அது நாம வளர்த்ததுன்னு ஆகாதுப்பா," என்றார் மேலாளர் சக்கரவர்த்தி. "வெள்ளிக்கிழமை படம் வரணும். இல்லன்னா நீ வரவேணாம்."

கரட்டில் ஓரிடம் மட்டும் பச்சை. ஆடு மேய்க்கும் காசியம்மாள் ஏழு வருஷமாக முள் போட்டு வளைத்திருந்த அரை ஏக்கர். பழைய அடிக்கட்டைகளிலிருந்து உசிலும் ஆத்தியும் இடுப்புயரம் துளிர்த்திருந்தன. முள் போட்ட இடத்தில் யார் ஆடும் நுழையாது. ஊர்க் கட்டுப்பாடு அது. கோடையில் குட்டிகளுக்கு மட்டும் கையால் தழை ஒடித்துப் போடுவார்கள்.

"காடு வளக்கறேன்னியே, எங்க காட்ட பாத்தியா?" என்று சிரித்தாள் காசியம்மாள்.

உதயா முள்வேலியைக் காட்டினான். "யக்கா, முள்ள எடுத்துட்டு ஆட்ட வுடுங்க. இங்கதான் மொத கன்னு நடப்போறோம்."

அப்படியொரு திட்டமே இல்லை.

"மெய்யாலுமா? நம்ம எடத்துலயா?"

அவள் மறுத்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ தானே முள்ளை இழுத்துப் போட்டாள். "டேய் சுப்பா, உன் ஆட்டையும் ஓட்டிகினு வா, ஜல்தி! தறிக்கார வூட்டுப் புள்ள வெயில்ல கருகிப்போவுது பாரு!"

இரண்டு நாளில் வெறும் குச்சிகள்தான் மிஞ்சின. வேர் சாகாது, மழைக்குத் துளிர்த்துவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். பிறகுதான் உறைத்தது. இனி துளிர்ப்பதெல்லாம் கம்பெனி வளர்த்த காடென்றே கணக்கில் ஏறும்.

படம் எடுக்கும்போது காசியம்மாள் கொண்டையைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றாள்.

"ஆளு வரக்கூடாதுக்கா."

"சரி, சரி" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

படிவத்தில், 'இந்நிலத்தை இதற்கு முன் பாதுகாத்தவர்கள்' என்ற இடத்தில் உதயா 'இல்லை' என்று எழுதினான். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவளுக்கு எழுத்து தெரியாது.

"என் பேரு எழுதிகீதா அதுல?"

"எழுதிகீதுக்கா."

"எது, இதுவா?"

மை காயாத 'இல்லை'யின் மேல் விரலை வைத்தாள்.

"ஆமாக்கா," என்றான் உதயா, காகிதத்தைப் பார்த்தபடியே.