மாஸ்டர் செய்த பூ

பெட்டியின் மூடியைத் திறந்ததும் மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மஞ்சளும் சிவப்புமாக உள்ளே இருந்த காகிதப் பூக்கள் கடையில் வாங்கியவை போல நிமிர்ந்து நின்றன. நேற்றுச் சாயங்காலம் அவள் செய்து வைத்தபோது பாதிப் பூக்கள் தலை தொங்கிக் கிடந்தன. இதழ் ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருந்தது. விடிந்து பார்த்தால் இப்படி.

“பார்த்தீங்களா? காய்ஞ்சதும் தன்னால நிமிர்ந்துக்குது.”

அவள் கணவன் வாசலருகே குனிந்து, கருவிப் பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான். எலக்ட்ரீஷியன். தேடுவதற்கு அந்தப் பையில் எப்போதும் ஏதாவது இருக்கும்.

“ஆமா, பசை காஞ்சா அப்படித்தான்,” என்றான், தலையைத் தூக்காமலே.

மாஸ்டர் அதை நம்பினாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வாழ்நாளில் பாதியைத் துணியோடு கழித்தவள். புதுத் துணியை நனைத்துக் காயவைத்தால் சுருங்கி இறுகும், விறைப்பாகும் என்பது அவளுக்குத் தெரிந்த பாடம். பசை பட்ட காகிதமும் அப்படித்தான் இறுகிக்கொள்கிறது, அந்த இறுக்கத்தில் ஓரத்துப் பிசிறும் உள்ளே போய்விடுகிறது என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். வேறு யாருக்கும் தோன்றியிருக்காத கணக்கு. அவளுக்கு வேண்டியிருந்த கணக்கும் அதுதான்.

தையல் பட்டறையில் அவள்தான் கட்டிங் மாஸ்டர். புதிதாக வருகிறவர்கள் “மாஸ்டர் எங்கே?” என்று கேட்டு, மீசை வைத்த ஆளாகத் தேடுவார்கள். மெஷினில் இருக்கும் பெண்கள் வாயைத் திறக்காமல் அவளை நோக்கி விரலை நீட்டுவார்கள். அடுக்கடுக்காக விரித்த துணியின் மேல் அவள் கத்தரி போகும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவள் என்ன மனநிலையில் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கை குளிர்காலத்தில் போனது. பாத்திரத் தொட்டிக்குள் கண்ணாடி டம்ளர் உடைந்திருந்தது தெரியாமல் கையை விட்டாள். வலது கட்டைவிரலின் அடியில் நரம்பு அறுந்து, ஆபரேஷன் செய்து, கட்டுப் பிரித்துப் பார்த்தால் விரல் இருந்தது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

காலையில் பட்டறை முதலாளியம்மா போன் செய்திருந்தாள். வளவளவென்று பேசுகிற ஆள் இல்லை.

“இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லிடு. வசந்த கால ஆர்டர் மலை மாதிரி கிடக்கு, திங்கட்கிழமை வெட்ட ஆரம்பிக்கணும். பக்கத்துப் பட்டறை கட்டிங்காரன் வரேன்னு நிக்கிறான். அவன் ஒரு தடவை கட்டிங் மேஜையைப் பிடிச்சுட்டா இந்த சீசன் முழுக்க நான் அவனை எழுப்ப முடியாது. உனக்காகத்தான் இத்தனை நாள் காலியா வச்சிருக்கேன்.”

“இன்னிக்குத்தான்மா கையைப் பார்க்கறாங்க. வந்து சொல்றேன்.”

மேஜை கிடைக்குமா, போகுமா என்பது அன்றைய பரிசோதனையில் இருந்தது. மாஸ்டர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

பயிற்சிக் கூடம் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், நீளமான ஜன்னல்கள் வைத்த அறை. கை விளங்காமல் போனவர்களுக்கு அங்கே பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு ஒரு நீளமான பட்டம் உண்டு. நோயாளிகள் அதைச் சுருக்கி ‘விரல் டீச்சர்’ ஆக்கிவிட்டார்கள். வசந்தம் வருகிறது, அறையை அலங்கரிக்கலாம் என்று ஆரம்பித்து வைத்தவள் அவள்தான்.

“பந்தை அமுக்குங்கன்னா எல்லாரும் டிமிக்கி குடுக்கறீங்க. வீட்டுல அது கட்டிலுக்கு அடியில கிடக்கு. அதனால பந்து வேண்டாம், பூ செய்ங்க,” என்று இழுத்தால் நீளும் சுருக்குக் காகிதம், மெல்லிய கம்பி, பசை, பச்சை டேப் எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி ஆளுக்கொன்று கொடுத்திருந்தாள். கத்தரியால் இதழ் வெட்ட வேண்டும். இரண்டு கட்டைவிரலாலும் நடுவில் இழுத்துக் குழி பண்ண வேண்டும். கம்பியைச் சுற்றி ஒவ்வொன்றாகச் சேர்த்து, அடியில் டேப்பை இறுக்கிச் சுற்ற வேண்டும். பார்த்தால் பொழுதுபோக்கு. விரலுக்குச் சரியான தண்டனை.

கதவைச் சுற்றி மூங்கிலில் ஒரு வளைவு கட்டியிருந்தார்கள். பாதி வளைவில் பூ ஏறியிருந்தது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் ஒரு நீலப் பூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் ‘டிரைவர்’.

“வாம்மா மாஸ்டர். இது என்ன பூன்னு சொல்லு பார்ப்போம்.”

“முட்டைகோசா?”

“ரோஜா. பின்பக்கமா பார்க்கற, அதான்.”

விரல் டீச்சர் பெட்டியைத் திறந்தாள். ஒரு பூவை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அக்கா, போன வாரம் பென்சில் பிடிக்கவே கஷ்டப்பட்டீங்க.”

“வீட்டுல விடாம செஞ்சேன் டீச்சர்.”

“நல்லா தெரியுது. இதழ் ஓரத்தைப் பாருங்க, ஒரே வெட்டு. இந்த அளவுக்குக் கத்தரி பிடிக்குதுன்னா நான் உங்களை இங்க வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்? வேலைக்குப் போகலாம்னு எழுதித் தந்துடறேன்.”

டிரைவர் பெருமூச்சு விட்டார். “நமக்கு எப்பதான் லைசென்ஸ் குடுப்பாங்களோ.”

மேஜை அவளுடையது. சாயங்காலம் வரை காத்திருப்பானேன், வாசலில் நின்றே முதலாளியம்மாவுக்குப் போன் போட்டுவிடலாம்.

விரல் டீச்சர் ஒரு சிவப்புப் பூவை வளைவில் கட்டுவதற்காக, காம்பில் சுற்றிய டேப்பைக் கொஞ்சம் பிரிக்கப் பார்த்தாள். நகத்தால் சுரண்ட வேண்டியிருக்கவில்லை. தொட்டதும் வந்தது.

“இது நல்லா இருக்கே. பிரிக்க வசதியா டேப் நுனியை மடிச்சு விட்டிருக்கீங்க.”

மாஸ்டர் பார்த்தாள். பச்சை டேப்பின் கடைசி நுனி, அரிசி அளவுக்கு, தன் மேலேயே மடிந்து ஒட்டியிருந்தது.

அவள் அப்படி மடிக்கவில்லை. அவள் எந்த டேப்பையும் மடித்ததில்லை, பல்லால் கடித்து அறுத்துவிட்டுப் போகிறவள். அப்படி மடிக்கிறவன் உலகத்தில் ஒரே ஒருவன்தான் அவளுக்குத் தெரியும். ஒயர் மேல் கறுப்பு டேப் சுற்றினால் நுனியை மடிப்பான். பார்சல் ஒட்டினால் மடிப்பான். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கையில் கட்டுப் போட்டுப் பிளாஸ்திரி ஒட்டினபோதுகூட மடித்தான். “அடுத்து பிரிக்கிறவன் நம்மளைத் திட்டக் கூடாதுல்ல,” என்பான்.

இன்னொரு பூவை எடுத்தாள். மடிப்பு இருந்தது. அதற்கடுத்ததிலும்.

பசை காய்ந்தால் டேப் மடியாது.

விரல் டீச்சர் மேஜைக்குப் போய் எழுத உட்கார்ந்துவிட்டாள். இனி மாஸ்டர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், கையெழுத்துப் போட்ட சீட்டு வரும். யாருக்கும் தெரியாது. வீட்டில் இருக்கிறவனும் வாயைத் திறக்கப் போவதில்லை.

ஆனால் திங்கட்கிழமை அந்த மேஜை முன்னால் நிற்கப் போவது இந்தக் கைதானே. அடுக்கிய துணியில் கட்டைவிரல் ஒரு இடத்தில் நழுவினால் மேல் துணி மட்டும் போகாது, அடிவரைக்கும் போகும். மெஷினில் இருக்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்படி இல்லாமலும் இருக்கலாமே. கை சரியாகியிருக்கலாம். அவளுக்கே தெரியவில்லை. இத்தனை நாளும் அவள் பார்த்து மகிழ்ந்தது வேறு யாருடைய கையையோ.

“ஒரு நிமிஷம் டீச்சர். எழுதாதீங்க. கத்தரி குடுங்க.”

“எதுக்குக்கா?”

“குடுங்களேன்.”

மஞ்சள் காகிதத்தை மடித்தாள். துணிக்கு நூல் ஓட்டம் இருப்பது போலச் சுருக்குக் காகிதத்துக்கும் ஓட்டம் உண்டு. அதைப் பார்த்துத் திருப்பிக்கொண்டாள். அறிவில் எந்தக் குறையும் இல்லை. கத்தரியை வைத்தாள்.

கட்டிங்கில் முதல் பாடம், கத்தரியை முழுசாக மூடக் கூடாது. நுனி சேர்வதற்குள் திறந்து அடுத்த வெட்டுக்குப் போய்விட வேண்டும். மூடினால் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு படி விழும். மாஸ்டரின் கட்டைவிரல் வளைவில் பாதி தூரம் போனது, பிறகு மேலே எழ மறுத்தது. கத்தரி மூடிக்கொண்டது. மறுபடி திறக்க இன்னொரு கையின் உதவி வேண்டியிருந்தது. மறுபடி மூடிக்கொண்டது.

இதழைத் தூக்கிப் பிடித்தாள். ஓரம் முழுக்கப் படி.

“இது என் மேஜைக்கு வந்திருந்தா வெட்டினவளை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.”

“அப்ப அந்தப் பூவெல்லாம்?”

“எங்க வீட்டு எலக்ட்ரீஷியன்.”

டிரைவர் தொண்டையைச் செருமினார். “அவரு வேலைக்குப் போகலாம்னு எழுதிக் குடுத்துடுங்க டீச்சர். கை நல்லா இருக்கு.”

விரல் டீச்சர் சிரிக்கவில்லை. எழுதின தாளைக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

“எனக்கு நல்ல பூ எதுக்குக்கா? நீங்க செஞ்ச மோசமான பூதான் வேணும். பூ ஒரு பக்கமா சாய்ஞ்சா எந்த விரல் அழுத்தலைன்னு தெரியும். ஓரம் படி படியா போனா எந்த அசைவுல வலிக்குதுன்னு தெரியும். அந்த நல்ல பூவை நம்பி நான் வேலைக்கு அனுப்பியிருந்தா, தச்ச நரம்பு மறுபடி போயிருக்கும். நீங்க செஞ்சதெல்லாம் எங்க?”

“தூக்கிப் போட்டிருப்பாரு.”

வழியெல்லாம் மாஸ்டர் வசனம் தயார் செய்துகொண்டே போனாள். கதவைத் திறந்தபோது அவன் மதியச் சாப்பாட்டுக்கு வந்து, அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தான்.

“டேப் நுனியை எதுக்கு மடிச்சீங்க?”

அவன் யோசித்தான். “மடிச்சேனா?”

“எல்லாத்துலயும்.”

“அடச்சே.”

“என்னை என்னன்னு நினைச்சீங்க? பூ சரியா வந்திருக்குன்னு நம்பி, ஊர்ல இருக்கறவங்க முன்னாடி போய் நிக்கறேன். முட்டாள் மாதிரி.”

“நீ ஒவ்வொரு சாயங்காலமும் அதைப் பார்த்துட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் படுக்கப் போற. காலையிலயும் அதே மூஞ்சியோட எழுந்திரிக்க வேண்டாம்னு ஒரு பூவைச் சரி பண்ணினேன். மறுநாள் நீ சிரிச்ச. அப்புறம் நிறுத்த முடியலை.” கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். “அதே காகிதத்தைக் கடையில வாங்கி வச்சுக்கிட்டு, நீ எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி எழுந்து உட்கார்ந்து செய்வேன். சும்மா சொல்லக் கூடாது, கஷ்டமான வேலை.”

“என் பூவையெல்லாம் குப்பையில போட்டீங்களா?”

“அதை எப்படிப் போட முடியும்? நீ செஞ்சது.”

அலமாரிக்கு மேலே, பழைய சுவிட்ச் பலகைகளுக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தான். மாஸ்டர் அதை மேஜையில் கொட்டினாள். நசுங்கின, சாய்ந்த, பிசிறின பூக்கள். அவன் அவற்றைப் பிரித்து வைக்க ஆரம்பித்தான். முதலில் செய்தது சிவப்பு, அப்புறம் மஞ்சள், கடைசியாக இரண்டும் கலந்து, என்று அவள் செய்த வரிசை அவனுக்கு நினைவிருந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அடுத்தவர் வெட்டின துணியைப் பார்க்கிற கண்ணால் பார்த்தாள். முதல் பூக்களின் இதழ்களை வெட்டு என்றே சொல்ல முடியாது, கிழிசல். நடுவில் இருந்தவற்றில் படிகள், நெருக்கமாக. கடைசியில் செய்தவற்றில் படிக்கும் படிக்கும் நடுவே இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் கத்தரி சுத்தமாக ஓடியிருந்தது.

கை வந்துகொண்டிருந்தது. மெதுவாக, அவள் ஆசைப்பட்ட வேகத்தில் கால்வாசிகூட இல்லாமல். ஆனால் இது அவள் கை.

“இந்த சீசனுக்கு ஆகாது,” என்றாள்.

அவன் கடைசிப் பூவை வரிசையில் வைத்தான்.

போனை எடுத்தாள். முதல் மணியிலேயே முதலாளியம்மா எடுத்தாள்.

“அம்மா, மேஜையை அவருக்கே குடுத்துடுங்க.”

“பயிற்சி குடுக்கற பொண்ணு முடியாதுன்னுட்டாளா?”

“அவங்க சரின்னுதான் எழுதினாங்க. நான்தான் வேண்டாம்னேன்.”

“உனக்கென்ன மண்டை குழம்பிப் போச்சா?”

“கத்தரி இன்னும் பிடிபடலைம்மா. சாக்பீஸ் பிடிக்க முடியும். துணியை விரிச்சு நான் மார்க் போடறேன், அவரு வெட்டட்டும்.”

“வேற ஒருத்தி போட்ட மார்க்குல நான் வெட்ட மாட்டேன்னு அவன் குதிப்பான்.”

“குதிக்கட்டும். என் மார்க்கைப் பார்த்ததும் உட்கார்ந்துடுவாரு.”

“மார்க் போடறவளுக்கு மாஸ்டர் சம்பளம் கிடையாது. இப்பவே சொல்லிட்டேன்.”

“தெரியும்.”

“அவன் மாஸ்டர்னா, உன்னை இங்க யாரும் மாஸ்டர்னு கூப்பிட மாட்டாங்க.”

மாஸ்டர் மேஜையில் கிடந்த பூக்களைப் பார்த்தாள். இதுதான் சுருக்கென்று தைத்தது. சம்பளம்கூட அப்படித் தைக்கவில்லை.

“பரவாயில்லைம்மா.”

“சரி, திங்கட்கிழமை வா,” என்று முதலாளியம்மா வைத்துவிட்டாள்.

மாஸ்டர் பூக்களை வரிசை கலையாமல் பெட்டிக்குள் அடுக்கினாள். நாளைக்கு விரல் டீச்சரிடம் காட்ட வேண்டும். மோசமானது ஒன்றுகூட விட்டுப் போகக் கூடாது. அவன் உதவிக்குக் கையை நீட்டினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நீட்டின கையை அப்படியே மடக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டு போனான்.

“கோபமா?”

“கோபம்தான்.”

“ரொம்பவா?”

“சாப்பாடு போடுங்க. சாப்பிட்டுக்கிட்டே சொல்றேன்.”