முதல் கரண்டி மூக்குக்கு

எங்கள் வீட்டில் ஆறு பிள்ளைகள். ஒன்றுகூட நான் பெற்றதில்லை. ஆனால் ஆறுக்கும் நான்தான் அம்மா, என் வீட்டுக்காரர்தான் அப்பா. நடக்க வராதவன், பேச வராதவள், கண் தெரியாதவள் என்று ஆளுக்கொரு குறை. சேட்டையில் மட்டும் ஒருத்தருக்கும் குறை கிடையாது. சாப்பாட்டு மேசையில் கை வருகிற பிள்ளை பக்கத்திலிருக்கும் கை வராத பிள்ளைக்கு ஊட்ட வேண்டும். நானே எல்லோருக்கும் ஊட்டினால் கடைசிப் பிள்ளைக்குச் சோறு ஆறிப்போகும்.

கடைசியாக வந்தவள் குட்டி. நாலு வயது. வயிற்றில் வைத்த குழாய் வழியாகவே சாப்பாடு இறங்கி, ஆஸ்பத்திரி வார்டில் வளர்ந்தவள். விழுங்கத் தெரியும், வாயைத்தான் திறக்கமாட்டாள். குழாயைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். அதற்குள் வாயால் சாப்பிடாவிட்டால் மறுபடி வார்டுதான் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். கெஞ்சினேன், கொஞ்சினேன், பாடக்கூடச் செய்தேன். என் பாட்டைக் கேட்டு வாயை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் அலுத்துப்போய்க் கரண்டியை வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த கலெக்டர் அதை எடுத்தாள். வீட்டையே அதிகாரம் செய்வதால் எங்கள் பிள்ளைகளில் அவளுக்கு அந்தப் பெயர். கண் தெரியாததால், ஊட்டுமுன் கன்னத்தைத் தொட்டு வாயைக் கண்டுபிடிப்பாள். அன்று அவசரத்தில் தொட மறந்து, மசித்த உருளைக்கிழங்கைக் குட்டியின் மூக்கில் அப்பிவிட்டாள்.

குட்டி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியும் வாய் மூடவில்லை. அடுத்த கரண்டி வாய்க்குள் போனது. விழுங்கினாள்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். எனக்கோ அவர் முன்னால் மரியாதை பெரிதாகப் போயிற்று. குட்டிக்கு முகம் துடைத்து, அழகாக நானே கரண்டியை நீட்டினேன். வாய் பூட்டிக்கொண்டது. டாக்டரம்மா கிளம்பக் கைப்பையை எடுத்துவிட்டார்.

"அம்மா, நீ தள்ளு. மூக்குல வைக்காம எப்படித் தொறப்பா?" என்றாள் கலெக்டர்.

மூக்கில் ஒன்று, பிறகு வாயில் ஒன்று, இரண்டு, மூன்று. தொண்டை அசைவதைப் பார்க்க டாக்டரம்மா குனிந்தார். தன்னை அறியாமல் அவரும் வாயை 'ஆ' என்று வைத்திருந்தார். குட்டி கிண்ணத்தில் கையை விட்டு, அள்ளி, அவர் வாயில் திணித்துவிட்டாள்.

நான் துண்டை எடுக்க ஓடினேன். டாக்டரம்மா நிதானமாக மென்று விழுங்கினார்.

"உப்பு பத்தல," என்றார். பிறகு கைப்பையைக் கீழே வைத்தார். "இவ இங்கயே இருக்கட்டும்."

என் சமையலைக் குறை சொன்ன யாரையும் நான் சும்மா விட்டதில்லை. அன்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.