முள்மரம் நிற்கும் வயல்

நோனி டூஹி இறந்துபோனாள் என்று காலை வானொலியில் மரண அறிவிப்பு வாசித்தபோது என் மனைவி அட்ராக்டா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கத்தி அப்படியே நின்றது. போகணும் என்றாள். போகாமல் முடியுமா? எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு வராதவனைச் சாகும்வரை மறக்கமாட்டார்கள்.

சிக்கல் நோனியின் புருஷன் மலக்கி. வாராவாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள் என் மனைவி. மந்திரியிலிருந்து பேராயர்வரை யாரையும் விட்டுவைத்ததில்லை. அதெல்லாம் புத்தகமாகவும் வந்து, டப்ளினில் விருதும் கொடுத்தார்கள். வண்டி ஓட்ட மட்டும் வராது, அதற்கு நான். எனக்கு அவளை நினைத்தால் பெருமைதான், சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்.

ஆனால் ஒரு முறை, ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த குழந்தைகளைப் பற்றி எழுதினாள். அந்தக் காலத்தில் அவற்றுக்குக் கோயில் கல்லறையில் இடம் கிடையாது. அப்பன்மார் இருட்டியபின் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் வயலில் புதைத்தார்கள். யார் பெயரையும் அவள் எழுதவில்லை. ஒற்றை முள்மரம் நிற்கும் வயல் என்று மட்டும் எழுதிவிட்டாள். அது மலக்கியின் வயல், அவன் குழந்தையும் அங்கேதான் கிடக்கிறது என்று இந்தப் பக்கத்து மாட்டுக்குக்கூடத் தெரியும். என் வீட்டுத் துக்கத்தை ஊர் படிக்க வைத்துவிட்டாள் என்று சந்தையில் கத்தியவன், பிறகு அவளிடம் பேசவேயில்லை. விருது வாங்கித் திரும்பும்போதும் வண்டியில் அவள் கேட்டது ஒன்றுதான்: நோனிக்கு அது வலித்திருக்குமா?

சாவு வீட்டில் வரிசை சமையலறைவரை நின்றது. ஒவ்வொருவராக மலக்கியின் கையைப் பிடித்து, வருத்தம் சொல்லி நகர்ந்தார்கள். எங்கள் முறை வந்தது. அட்ராக்டா கையை நீட்டினாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.  

"அதுவரைக்கும் நோனி இருட்டினப்புறந்தான் அந்த வயலுக்குப் போவா," என்றான் கடைசியில். "நீ எழுதின பிறகு பட்டப்பகல்ல போனா. பூசை முடிஞ்சு எல்லாரும் ரோட்டுல போறப்ப, தலைய நிமித்திக்கிட்டு. எனக்குத்தான் கூடப் போகத் தைரியம் வரல."

நீட்டிய கையை அட்ராக்டா இறக்கவில்லை.

"நான் உன்னக் கேட்டுட்டு எழுதியிருக்கணும் மலக்கி," என்றாள்.

"கேட்டிருந்தா வேணாம்னிருப்பேன்."

அவள் கையைப் பிடித்தான், பிடித்தவன் விடவில்லை. வரிசையை அப்படியே நிற்கவைத்துவிட்டு, அவளைப் பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனான். நாங்கள் எல்லாரும் கோப்பைகளோடு ஜன்னலில் கூடிவிட்டோம். மே மாத வெயிலில் முள்மரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பாலிஷ் போட்ட காலணி ஈரப்புல்லில் புதையப் புதைய நடந்துபோன மலக்கி, வயல் கதவைத் திறந்து, அவளுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றான்.