கடைசியாக மிஞ்சிய நம்பர்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன். மண்சரிவு வரலாம் என்று சொல்லி எல்லாரையும் நல்லதண்ணி ரோட்டில் கட்டிய புது வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். குடும்பத்துக்கு ஒரு வீடு. அம்மாவும் அப்பாவும் செத்துப்போன பிறகு அண்ணன் கஜேந்திரன், அண்ணி, பிள்ளைகள் ஒரு குடும்பம். கல்யாணமாகாத நான் எந்தக் குடும்பத்திலும் சேராத ஆள். அண்ணி, புது வீட்டில் எனக்கு எங்கே பாய் விரிப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், அவ்வளவுதான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

ஹட்டனில் சிநேகிதி வீட்டில் தங்குகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, லயத்தில் எங்கள் பழைய அறையை, அந்தக் காம்பராவை, திரும்பத் திறந்து உட்கார்ந்துகொண்டேன். கம்பெனியில் கேட்டால் அண்ணன் வீட்டில் இருக்கிறேன் என்பேன். ஆக, எந்தப் பக்கத்திலிருந்தும் என்னைத் தேடி யாரும் வரமாட்டார்கள். என்ன ஒரு கெட்டிக்காரத்தனம்! பகலெல்லாம் பேச ஆளில்லாமல் லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தவர் எழுதிய புரோகிராமில் ஓட்டை தேடுவது என் வேலை. எங்கள் கொழும்புக் கம்பெனி ஓர் எச்சரிக்கைப் பெட்டி செய்கிறது. மலைச்சரிவில் நட்டுவைத்தால், மழை அளவு மீறும்போது அங்கே குடியிருப்பவர்களின் போனுக்கெல்லாம் செய்தி அனுப்பும். அந்த நம்பர்களைப் பெட்டிக்குள்ளேயே இருக்கிற ஒரு சின்ன டேட்டாபேஸ் வைத்திருக்கிறது. சீக்கிரம் தேடி எடுக்க அவற்றை மரம் மாதிரி கிளை பிரித்து அடுக்கியிருப்பார்கள். உச்சியில் புத்தகத்தில் இருப்பது மாதிரி ஒரு பக்கம் இருக்கும். எந்த நம்பர் கீழே எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அது வழிகாட்டும். நம்பர்கள் கூடினால் மரம் கிளைக்கும், குறைந்தால் சுருங்கும். அதை என் லேப்டாப்பில் ஓட்டி, நம்பர்களைச் சேர்த்தும் அழித்தும் தேடிப் பார்ப்பதுதான் சோதனை.

மற்றவர்கள் வாய்க்கு வந்த நம்பர்களைப் போட்டுச் சோதிப்பார்கள். எனக்கு அது சலித்துப்போய், எங்கள் லயத்து ஆட்களின் நம்பர்களையே போட்டேன். பிறகு அவர்கள் காலி செய்துகொண்டு போன வரிசையிலேயே அழித்துக்கொண்டு வந்தேன். முதலில் அம்மாக்கண்ணு அக்கா, பிறகு வீரய்யா மாமா வீடு என்று போய், அண்ணனுடையதை அழிப்பதற்கு முன் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வெறும் சோதனைதான் என்று சொல்லிக்கொண்டு அதையும் அழித்தேன். என் நம்பர் மட்டும் மிஞ்சியது. அதைத் தேடச் சொன்னேன்.

இல்லை என்றது. டேட்டாபேஸின் கோப்பைத் திறந்து பார்த்தேன். என் நம்பர் அங்கே பத்திரமாக இருந்தது.

இந்தப் பிழையை எழுதி அனுப்பியதும் எங்கள் பொறுப்பாளர் பாஹிம் நானா போனில் கோல் எடுத்தார். நல்ல மனுஷன், அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம்; ஆனால் அவசரக்காரர். ஆபத்தான இடமென்றால் நிறையப் பேர் இருப்பார்கள், காலி செய்துவிட்டால் ஒருவரும் இருக்கமாட்டார்கள், ஒரே ஒரு நம்பர் மிஞ்சுகிற நிலைமை எங்கேயும் வராது என்றார். பெட்டிகள் நாளைக்கு மலைக்குப் போகின்றன; இன்றைக்குள் காரணத்தைக் காட்டினால் பார்க்கலாம், இல்லாவிட்டால் இப்படியே போகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். வரும் என்று சொன்னால் என் குட்டு உடைந்துவிடும்; லேப்டாப் பக்கம் திரும்பினேன்.

காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பேட்டரி செத்த லேப்டாப்பும் கூடவே போனது. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வந்து பார்த்தால், மேல் ரோட்டில் தோட்டத்து கரண்ட் வேலைக்காரர் பழனியாண்டி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க ஏறி ஓடினேன். பேயைக் கண்டவர் மாதிரி விழித்தார்.

"மேல நின்னு பாத்தேன் புள்ள. ஒரு கூரையிலயும் பொகை வரல. ஆளில்லன்னுதான் வெட்டுனேன்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கூரையில் புகை வந்தால் ஆள் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எங்கள் தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். நான் ரைஸ் குக்கரில் பொங்குகிறவள். என் கூரையில் ஏது புகை? நாளைக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, முனகியபடியே வயரை மாட்டிக் கொடுத்தார்.

திரும்ப இறங்கும்போது சுருக்கென்றது. அந்தத் தேடலும் மேலே நின்றுதானே பார்க்கிறது! கீழே ஒரே பக்கம்தான் மிஞ்சினால், பிரித்துக்காட்ட எதுவும் இல்லாமல் உச்சிப் பக்கம் வெறுமையாகிவிடும். அது வெறுமையாக இருப்பதைப் பார்த்ததும், மரத்தில் ஒன்றுமே இல்லை என்று தேடல் திரும்பிவிடுகிறது. கீழே இறங்கிப் பார்ப்பதே இல்லை. லேப்டாப்பைத் திறந்து அந்த வரியைப் பார்த்தேன். நினைத்தது சரியாக இருந்தது.

பாஹிம் நானாவுக்கு கோல் எடுத்து இடத்தைக் காட்டினேன். சரிதான், கெட்டிக்காரி என்றார். ஆனாலும் அடுத்த மாசம் திருத்திக்கொள்ளலாமே என்று இழுத்தார்.

"சொல்லுங்க லோஜினி, சரியப் போற மலையில ஒரே ஒரு ஆளை யாரு விட்டுட்டுப் போவாங்க?"

"நான் இருக்கேன் நானா. எங்க லயத்துல எல்லாரும் போயிட்டாங்க. நான் மட்டும் இருக்கேன்."

பாஹிம் நானா குரலைத் தணித்து, பெட்டிகள் நாளைக்குப் போகாது, இப்போதே திருத்தச் சொல்கிறேன் என்றார். முதலில் அங்கிருந்து வெளியேறுங்கள் என்றும் சொன்னார்.

சாயங்காலம் திருத்திய புரோகிராம் வந்தது. திரும்பவும் எல்லாரையும் சேர்த்து, திரும்பவும் வரிசையாக அழித்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மிஞ்சிய நம்பரைத் தேடி எச்சரிக்கை அனுப்பச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மேசையில் என் போன் அதிர்ந்தது.

'நீங்கள் இருக்கும் இடம் ஆபத்தானது. உடனே வெளியேறுங்கள்.'

அது நானே வரவழைத்த செய்திதான். இந்த லயம் காலியான பிறகு, நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிந்து எனக்கு வந்த முதல் செய்தியும் அதுதான். அதையே திரும்பத் திரும்பப் படித்து அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்கு கோல் எடுத்தேன்.

"அண்ணே, நான் ஹட்டனுக்குப் போகல. லயத்துலதான் இருக்கேன்."

திட்டுவான் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"மேல் ரோட்டுக்கு ஏறி நில்லு. வர்றேன்" என்றான்.