ஆறு துண்டுகளாக ஒரு நாவல்

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஊரார் எழுத்தில் ஒரு ஒற்று விட்டுப்போனாலும் கண்ணில் பட்டுவிடும். சொந்த வீட்டில் என்ன விட்டுப்போனாலும் படாது.

என் மனைவி தையற்கடை வைத்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம். அவள் படித்த கதையை இஸ்திரி போட்டுக்கொண்டே எனக்குச் சொல்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கே பேசுவேன்.

"அந்த மாமியாரை அப்பவே வீட்டைவிட்டு அனுப்பியிருக்கணும்."

"அனுப்பிட்டா மீதி முந்நூறு பக்கத்துக்கு யாரு இருக்கா? சும்மா கேளுங்க."

அப்படிக் கேட்ட கதைகளை நானே படித்ததுபோல அச்சகத்தில் பேசி, படிப்பாளி என்று பேர்கூட வாங்கியிருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் அவளுக்கு மின்நூல் படிக்கிற கருவி ஒன்றை வாங்கித் தந்தாள். சிலேட்டைவிடச் சின்னது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காகிதத்தில் பிழைக்கிறவன் வீட்டுக்குள்ளேயே எதிரி வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

"இதோ பாரு, அதுல படிச்ச கதையை எங்கிட்ட சொல்லாதே. கண்ணாடித் திரையில படிச்சது என் காதுல ஏறாது."

"சரிங்க" என்றாள்.

நான் அதைக் கிண்டலாகத்தான் சொன்னேன். அவள் உத்தரவாக எடுத்துக்கொண்டாள். கதை நின்றது. கொஞ்ச நாளில் அவள் இஸ்திரி போடுவதும் நின்று, துணி வெளியே இஸ்திரிக்குப் போக ஆரம்பித்தது. அதையும் கோபம் என்றே கணக்குப் போட்டேன். நானாகப் போய்க் கேட்க என் கௌரவம் விடவில்லை. அதற்குப் பிறகு வந்த அவளுடைய இரண்டு பிறந்தநாளுக்கும் தலையணை கனத்தில் ஒவ்வொரு நாவல் வாங்கி மேசையில் வைத்தேன். அவள் தொடவில்லை. திமிர் என்று முடிவுகட்டினேன்.

போன வாரம் வீட்டுச் சாவியை மறந்துவிட்டு அவள் கடைக்குப் போனேன். அவள் பொத்தான் வாங்க வெளியே போயிருந்தாள். கூடத் தைக்கிற அம்மா துணி வெட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலையை என் மனைவி யாரிடமும் விடமாட்டாள்.

"நீங்களா வெட்டறீங்க?"

"வேற யாரு வெட்டறது? அவங்களுக்குத்தான் கட்டைவிரல் மடங்கலியே. ரெண்டு வருஷமாச்சு. டம்ளரையே ரெண்டு கையால பிடிக்கிறாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்" என்றேன். பொய் சொல்லும்போது எதையும் இரண்டு தடவை சொல்வது என் வழக்கம்.

கடையிலிருந்த அவள் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கடைசியாக வாங்கிய எண்ணூறு பக்க நாவலை எடுத்தேன். பக்கத்தின் ஓரத்தை மடித்த மைத்துனனோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தவன் நான். அட்டையைப் பிரித்து, முதுகைப் பிளந்து, அதை ஆறு துண்டாக்கினேன். ஒவ்வொன்றுக்கும் பழைய காலண்டர் தாளில் அட்டை ஒட்டினேன்.

அவள் வந்ததும் முதலில் பார்த்தது கத்தரிக்கோலை.

"துணிக் கத்தரியாலயா காகிதத்தை வெட்டினீங்க? மழுங்கிடும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்." பிறகு அவளே, "பரவாயில்ல. இப்ப அதை யாரு தொடறா" என்றாள்.

"விரல் வலிக்குதுன்னு ஏன் சொல்லல?"

"அதுக்கும் ஒரு கிண்டல் வரும்னுதான்."

வந்திருக்கும்.

முதல் துண்டை எடுத்தாள். சுலபமாகப் பிடிக்க முடிந்தது. இரண்டு பக்கம் புரட்டியவள், கூச்சத்தோடு சொன்னாள்: "இதை நான் போன மழைக்காலத்துலயே அதுல படிச்சிட்டேங்க."

"அப்ப கதையைச் சொல்லு." இஸ்திரிப் பெட்டியை நானே எடுத்து ஒரு சட்டையை விரித்தேன்.

"ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. வீட்டை ரெண்டா பிரிச்சுக்கிறாங்க. அப்புறம் அக்கா தன் பக்கத்து ஜன்னலை அடைச்சிடறா." யோசித்தாள். "எதுக்குன்னு மறந்துபோச்சு. படிச்சன்னைக்கு அழுகையை அடக்க முடியாம உங்ககிட்ட வந்தேன். பேப்பர் பாத்துட்டிருந்தீங்க. திரும்பிப் போயிட்டேன்."

"மத்த கதை?"

"நாப்பது புத்தகம் இருக்கும். ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு."

"இனிமே படிக்கிறதையாவது சொல்லு."

"பாப்போம்."

இன்று மாலை அவள் கருவியில் படித்துக்கொண்டிருந்தாள். எதிரே நான், சும்மா. நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லங்க" என்று, சிரிப்பு மாறாமலே, சுண்டுவிரலால் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.