இருபத்தெட்டு டிகிரி

கடற்காற்று என்று ஒன்று கிடையவே கிடையாது. ஏசி மெக்கானிக் இதை ரயிலில், எதிர் சீட்டுக் குடும்பத்துக்கும் கேட்கும்படி, மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு அறிவித்தார். குளிர்ச்சி கம்ப்ரஸரிலிருந்து மட்டுமே வரும், மற்றதெல்லாம் மனப்பிரமை.

பக்கத்திலிருந்த மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நகரத்தை ஒட்டிய கடலோரப் புறநகர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தலைமை நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அங்கேயே வீடு அமைந்தால்தான் அது நடக்கும். பார்க்கப்போகிற வீடோ ஏசி தாங்காத பழைய வயரிங். அதையே மெக்கானிக் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். மூன்று நாள் சண்டைக்குப் பின் ஓர் ஒப்பந்தம்: நாலு மணிக்குள் அவருடைய தெர்மாமீட்டர் இருபத்தெட்டு காட்டினால் வீடு, இல்லையென்றால் அடுத்த ரயில்.

"பொய்யே சொல்லாத மெஷின்" என்று ரயிலில் அதற்கும் ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தார்.

மூன்றாவது மாடி. காலி ஹால். தெர்மாமீட்டரில் முப்பத்திரண்டு. எதிர் பால்கனியில் ஒருவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, கைகளை விரித்து, கண்மூடி நின்றார்.

"அங்க பாரு, கொடியில காயப்போட்ட மாதிரி. தூ!" என்றார் மெக்கானிக்.

"மூணு மணிக்கு மேல காத்து வரும், இருங்க தம்பி" என்றாள் வீட்டுக்கார அம்மாள், சாவிக்கொத்தை ஆட்டியபடி.

"காத்து என்ன ரயிலாம்மா, நேரத்துக்கு வர?"

"ரயில்தான் லேட்டா வரும்."

மூன்று மணி ஆயிற்று. ஓர் இலைகூட அசையவில்லை. மெக்கானிக் பையைத் தோளில் மாட்டினார். மனைவி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். "நாலுன்னு சொன்னது நீங்கதான்."

மூன்றேகாலுக்கு அலமாரியில் விரித்திருந்த பழைய செய்தித்தாள் படபடத்தது. சமையலறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. முப்பத்தொன்று. முப்பது. இருபத்தொன்பதில் மெக்கானிக், ஏதோ யோசனையில் இருப்பவர்போல, தெர்மாமீட்டரை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

"கையை எடுங்க. லீவுக்காக இந்த வேலை பண்ற ஆளுங்கள ஆஸ்பத்திரில பதினஞ்சு வருஷமாப் பாத்துட்டிருக்கேன்" என்றாள் மனைவி.

எடுத்தார். அலமாரியில் வைத்தார். மூவரும் குனிந்து பார்த்தார்கள். மூன்றே முக்காலுக்கு இருபத்தெட்டு.

"மெஷின்ல ஏதோ கோளாறு."

"எந்த மெஷின்? அந்தப் பொய்யே சொல்லாத மெஷினா?"

வீட்டுக்கார அம்மாள் சிரித்த சிரிப்பு மாடிப்படிவரை கேட்டிருக்கும். சாவி கைமாறியது. மனைவி கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"வணக்கம், தலைமை நர்ஸ் பேசறேன். ஆமா, திங்கட்கிழமை காலைல அங்க இருப்பேன்."

பேசி முடித்துத் திரும்பினால் ஹாலில் பை மட்டும் இருந்தது. பால்கனியில் மெக்கானிக்கின் சட்டை இரு பக்கமும் பறந்துகொண்டிருந்தது. மூன்று பொத்தான்கள் கழன்றிருந்தன. கைகள் விரிந்திருந்தன. எதிர் பால்கனிக்காரர் பார்த்துத் தலையசைத்தார். மெக்கானிக் அரைக்கண் திறந்து, பதிலுக்குத் தலையசைத்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டார்.