மூன்றாவதில் ஒரு பெஞ்ச்

“மூணாவதுல, லிஃப்டுக்கு எதிர் பெஞ்சுன்னுதானே சொன்னே? அங்கதான் இருந்தேன்.”

“பொய் சொல்லாதீங்க. அண்ணன் பார்த்துப் பார்த்து எழுந்தே போயிட்டாரு.”

கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணும் எலெக்ட்ரீஷியனும் போட்ட இந்தச் சண்டையை யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. தேவையே இல்லை. கடைத்தெரு நெரிசலுக்குள் இடம் போதாமல் மேலே மேலே எழுப்பிய கல்லூரிக் கட்டடம் அது. வெளிச்சத்துக்காக நடுவில் தரையிலிருந்து கூரைவரை திறந்துவிட்டு, சுற்றிலும் தாழ்வாரம் வைத்திருந்தார்கள். வெளிச்சம் வந்ததோ இல்லையோ, மேலே தும்மினால் கீழே கேன்டீனில் கேட்கும்.

நூலகத்து மின்விசிறி ஏன் ஓயாமல் பழுதாகிறது என்பது அந்தக் கேன்டீனே கதியென்று கிடக்கும் எதிர்வரிசை வீட்டுக்காரர்களான எங்களுக்கு எப்போதோ தெரியும். கடைசியாகத் தெரிந்தது அவள் அண்ணனுக்குத்தான். தாய் தகப்பன் இல்லாதவளை வளர்த்த மனிதர். ஆளை நேரில் பார்க்காமல் சம்மதிக்க மாட்டேன் என்று வெளியூரிலிருந்து வந்திருந்தார். அவர் வேண்டாம் என்றால் அவள் இந்தக் கல்யாணத்தைச் செய்துகொள்ள மாட்டாள்.

“பயமாத்தான் இருந்துச்சு,” என்று எலெக்ட்ரீஷியன் குரலைத் தாழ்த்தினார். அந்தக் கட்டடத்தில் தாழ்த்தி என்ன பயன்? “உங்க அண்ணன் வேணாம்னுட்டா நான் என்ன பண்ணுவேன்? அதுக்காக வராம இருப்பேனா? கம்ப்யூட்டர் லேப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.”

அவள் விரல்விட்டு எண்ணினாள்.

“கம்ப்யூட்டர் லேப் நாலாவது தளம்.”

“மூணாவது மாடி.”

நூலகத்துப் பலகைகளில் தரைமட்டமே முதல் தளம். அவள் அந்தக் கணக்கில் பழகியவள். அவரோ ஏணி தூக்குகிறவர். தரையைப் போய் மாடி என்பாரா? இஸ்திரி போட்ட சட்டையோடு, அண்ணன் தலைக்கு நேர் மேலே உட்கார்ந்து வியர்த்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கோபித்துக்கொண்டு போன அண்ணன் கேன்டீன்வரைதான் போயிருந்தார். காபியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து குரல் கொடுத்தார்.

“மாப்பிள்ளை, நீங்களே இறங்கி வாங்க. மறுபடி எம் தங்கச்சிகிட்ட வழி கேக்காதீங்க.”

மாப்பிள்ளை என்ற அந்த வார்த்தைக்கு எல்லாத் தாழ்வாரத்திலும் தலைகள் எட்டிப்பார்த்தன. அவர் லிஃப்டை மறந்து படிகளில் ஓடினார்.

அடுத்த விடுமுறையில் கல்யாணம். பிறகு இருவரும் அண்ணன் ஊருக்கே குடிபோய்விட்டார்கள். அங்கே ஒரு மருத்துவமனையில் எலெக்ட்ரீஷியனுக்கு வேலை. கேன்டீன்காரர் மகளுக்கும் வரன் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை வங்கிக் காசாளராம், விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.